கையை விட்ட கல்: கனடாவின் தேசிய சக்கர நாற்காலி கர்லிங் போட்டிக்குப் புதியவர்கள் தயாராவது எப்படி

கர்லிங், அதாவது ஐஸில் கல்லை வழுக்கவிட்டு இலக்கில் நிறுத்தும் விளையாட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது துடைப்பம். வழுக்கிப் போகும் கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் ஓடிக்கொண்டே ஐஸைத் தேய்ப்பார்கள். அப்படித் தேய்த்தால் கல் இன்னும் சில மீட்டர் கூடுதலாக ஓடும், வளைவும் குறையும். மெதுவாக விட்ட கல்லைக்கூட அதனால் காப்பாற்றிவிடலாம்.

சக்கர நாற்காலி கர்லிங்கில் தேய்ப்பது கிடையாது. எந்த அணியும் தேய்க்கக் கூடாது என்பது விதி. கல் உங்களை விட்டுப் போன பிறகு அணியில் யாராலும் அதற்கு எதுவும் செய்ய முடியாது, பார்த்துக்கொண்டு இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் இந்த விளையாட்டில் வெற்றி தோல்வி பெரும்பாலும் கல்லை விடுவதற்கு முந்தைய அரை நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது: நாற்காலி அசையாமல் நிற்கிறதா, சக்கரம் சுத்தமா, கல்லைத் தள்ளும் குச்சி நேராக இருக்கிறதா. இந்த வழிகாட்டியும் அந்த அரை நிமிடத்தில்தான் அதிக நேரம் நிற்கும்.

கனடாவின் தேசியப் போட்டி 2004 முதல் நடக்கிறது. நடத்துவது கர்லிங் கனடா அமைப்பு, மாகாணங்கள் அணிகளை அனுப்புகின்றன. பாராலிம்பிக்ஸில் இந்த ஆட்டம் 2006 டூரினில் அறிமுகமானது. அந்த ஆண்டும் 2010, 2014 ஆண்டுகளிலும் தங்கம் கனடாவுக்கே. பிறகு 2018, 2022 இரண்டிலும் சீனா தங்கம் வென்றது, கனடாவுக்கு வெண்கலம். இவ்வளவு வலுவான நாட்டின் தேசியப் போட்டி என்றதும் பயப்பட வேண்டாம். 20 வயதில் தொடங்கியிருக்க வேண்டும், ஓட வேண்டும், எகிற வேண்டும் என்ற கட்டாயங்கள் இந்த ஆட்டத்தில் இல்லை. நடுவயதில் முதன்முதலாகக் கல்லைத் தொட்டு மாகாண அணிக்குள் வருவது இங்கே நடக்கக்கூடிய காரியம்.

யார் ஆடலாம்

கால்களின் இயக்கத்தில் கணிசமான குறைபாடு இருந்து, அன்றாட நடமாட்டத்துக்குப் பொதுவாகச் சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள் ஆடலாம். முதுகுத்தண்டுக் காயம், பெருமூளை வாதம், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், இரு கால்களும் இழந்த நிலை ஆகியவை வழக்கமான காரணங்கள். நாலு எட்டு நடக்க முடிகிறவர் என்பதால் மட்டும் ஒருவர் தகுதி இழந்துவிட மாட்டார், ஆனால் முடிவு செய்வது வகைப்படுத்தும் நிபுணர்கள். ஆகவே மாகாணச் சங்கத்திடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். மருத்துவரிடம் படிவம் வாங்கவே வாரங்கள் ஆகும்.

இன்னொரு முக்கியமான விதி, களத்தில் ஆடும் 4 பேரில் ஆண், பெண் இரு பாலரும் எப்போதும் இருக்க வேண்டும். புதிய அணிகள் மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் சேர்த்துவிட்டு, மாற்று ஆட்டக்காரராக இன்னொரு ஆணை எடுத்துக்கொள்ளும். போட்டியின் மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அணி முழுக்கச் சிக்கிக்கொள்ளும். ஐந்தாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசியுங்கள்.

களமும் கல்லும்

ஆடுதளத்தின் நீளம் 45.72 மீட்டர், அகலம் 5 மீட்டர் வரை. இரு முனைகளிலும் வட்டங்கள் கொண்ட இலக்கு இருக்கும். அதை ஹவுஸ் என்பார்கள். வெளிவட்டத்தின் ஆரம் 1.83 மீட்டர், நடுவில் இருக்கும் சின்ன வட்டம் பட்டன். பட்டனின் நடுவே குறுக்காகப் போவது டீ கோடு. அதற்கு 6.4 மீட்டர் முன்னால் ஹாக் கோடு. இரண்டு ஹாக் கோடுகளுக்கும் இடையே 21.95 மீட்டர்.

சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று தளத்தில் கூடுதலாக இரண்டு மெல்லிய கோடுகள் உண்டு. நடுக்கோட்டுக்கு இருபுறமும், ஹாக் கோட்டிலிருந்து ஹவுஸின் வெளிவிளிம்பு வரை அவை ஓடும். இரண்டு கோடுகளின் வெளிவிளிம்புகளுக்கும் இடையே சுமார் 91 சென்டிமீட்டர். கல்லின் விட்டம் அதிகபட்சம் 29 சென்டிமீட்டர் என்பதால், கல்லை இடமோ வலமோ நகர்த்தி வைக்க உங்களுக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் கிடைக்கிறது. இதைப் புதியவர்கள் பயன்படுத்துவதே இல்லை, எப்போதும் நடுக்கோட்டிலேயே வைப்பார்கள். முன்னால் காவல் கல் மறைத்து நிற்கும்போது இந்த 60 சென்டிமீட்டர் ஒரு புதிய பாதையையே திறந்துவிடும்.

கல் கிரானைட், எடை 17.24 கிலோவிலிருந்து 19.96 கிலோ வரை. அடிப்பக்கம் முழுவதும் ஐஸைத் தொடாது. அடியில் குழிந்திருக்கும், சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே தொடும். ஐஸும் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்திருப்பார்கள், கையால் தடவினால் ஆரஞ்சுத் தோல் போலிருக்கும். அதுதான் பெப்பிள். அந்த மெல்லிய வளையம் பெப்பிளின் நுனிகள் மேல் ஓடுகிறது. கேரம் போர்டில் பவுடர் கட்டியாக நின்ற இடத்தில் காய் திடீரென்று திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதேதான்: வளையத்தின் அடியில் ஒரு தலைமுடி, ஒரு கம்பளி நூல், ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், கல் இழுத்துக்கொண்டு எங்கேயோ போய் நிற்கும். மற்ற கர்லிங்கில் துடைப்பம் பாதையையும் சுத்தமாக்கிவிடுகிறது. நமக்கு அது இல்லை.

நாற்காலியைத் தயார் செய்வது

இந்த வேலைக்கு ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

தெருவில் ஓட்டும் நாற்காலியையே ஐஸுக்குள் கொண்டுவருவதாக இருந்தால் டயரில் உப்பும் மணலும் இருக்கும். கனடாக் குளிர்காலத்தில் நடைபாதையெங்கும் உப்புதான். ஈரத்துணியால் டயரைச் சுற்றித் துடையுங்கள், பிறகு நூல் உதிராத உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரமாக விட்டால் ஐஸில் ஒட்டி உறைந்து, நகரும்போது பெப்பிளைப் பெயர்த்துக்கொண்டு வரும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்களின் அச்சை மறக்காதீர்கள். முடியும் நூலும் சுருண்டு கிடப்பது அங்கேதான். இடுக்கியால் இழுத்து எடுங்கள். கையால் சக்கரம் தள்ளுபவர்கள் உள்ளங்கையையும் பாருங்கள், அழுக்கு அங்கிருந்து மறுபடி டயருக்குப் போகும்.

அடுத்தது காற்று. வெதுவெதுப்பான காரிலிருந்து குளிர்ந்த அரங்குக்குள் வந்ததும் டயரின் அழுத்தம் குறையும். நெம்பி இழுத்துப் பூட்டும் பிரேக், டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. டயர் தளர்ந்திருந்தால் பிரேக் பூட்டியிருக்கும், சக்கரம் மெல்ல உருளும். “பிரேக் போட்டேனே, எப்படி நகர்ந்தது?” என்று கேட்பவர்களில் பலருக்கு விடை காற்றுப் பம்பில்தான் இருக்கிறது. அரங்கின் குளிரில் 15 நிமிடம் நாற்காலியை நிறுத்திவைத்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள். அந்த 15 நிமிடத்தில் சக்கரமும் குளிர்ந்துவிடும். சூடான ரப்பர் ஒரே இடத்தில் நின்றால் பெப்பிள் உருகித் தடம் விழும்.

காற்றடைக்காத திடமான டயர் இந்தத் தொல்லையிலிருந்து விடுதலை தரும். மோட்டார் நாற்காலியில் ஆடுபவர்களும் உண்டு. அதன் எடை நிலைத்து நிற்க உதவுகிறது.

கால்களைக் கட்டிக்கொள்ளுங்கள். கல்லை விடும் நேரத்தில் பாதம் ஐஸைத் தொடக் கூடாது, நாற்காலியின் சக்கரங்கள் ஐஸில் பட்டிருக்க வேண்டும். திடீரென்று துள்ளும் கால் உள்ளவர்களுக்குப் பாதத் தட்டில் ஒரு பட்டை, கெண்டைக்காலில் ஒரு பட்டை என்று இரண்டு தேவைப்படும். தொடைப் பட்டையும் நல்லது. நன்றாக முன்னால் குனிய வேண்டிய ஆட்டம் இது.

குச்சி

கையாலேயே கல்லை விடலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் பெரும்பாலோர் டெலிவரி ஸ்டிக் என்ற குச்சியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு நீண்ட குழாய், நுனியில் கல்லின் கைப்பிடி மேல் உட்காரும் பிளாஸ்டிக் தலை. கல்லைப் பிடித்துக்கொள்ளாது, தள்ளும், திருப்பும், அவ்வளவே.

நீளம்தான் எல்லாரும் தவறு செய்யும் இடம். குச்சி மிகக் குட்டையாக இருந்தால் தள்ளும்போது தலை மேலேறிக் கைப்பிடியிலிருந்து கழன்றுவிடும். மிக நீளமாக இருந்தால் விசை நுனிக்குப் போவதற்குள் குழாய் வளையும், கல் பக்கவாட்டில் நழுவும். சரியான நீளத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: நாற்காலியில் சாதாரணமாக உட்காருங்கள், முழங்கை மடங்கியிருக்கட்டும், கல் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். அந்த நிலையில் தலை கைப்பிடியில் முழுமையாக உட்கார வேண்டும். கையை முழுக்க நீட்டிக் குனிந்த பிறகும் அது கழலாமல் இருக்க வேண்டும். கிடைத்த அளவை டேப் ஒட்டிக் குழாயில் குறித்துவையுங்கள். நீளம் மாற்றும் பூட்டு குளிரில் தளர்ந்து, நாலாவது எண்டில் (இரு அணிகளும் தங்கள் கற்களையெல்லாம் விட்டு முடிக்கும் ஒரு சுற்றுக்கு எண்ட் என்று பெயர்) ஒரு விரல் அளவு குட்டையாகியிருக்கும், டேப் இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

விரல் பிடிமானம் குறைவாக உள்ளவர்கள் குச்சியின் பின்முனையில் ஒரு குறுக்குப்பிடி பொருத்திக்கொள்ளலாம், அல்லது கையுறையோடு பட்டை போட்டுக் கட்டலாம். ஆடத் தொடங்கும் முன் நடுவரிடம் காட்டிவிடுங்கள்.

கல்லை விடுவது

1. எங்கிருந்து விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஹவுஸின் மேல்விளிம்புக்கும் ஹாக் கோட்டுக்கும் நடுவில் இருந்து விட்டால், கல் முழுவதும் அந்த இரண்டு மெல்லிய கோடுகளுக்குள் இருந்தால் போதும். அதற்கும் பின்னாலிருந்து விட்டால் கல் நடுக்கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். ஹாக் கோட்டை ஒட்டி விடுவதுதான் வழக்கம், தள்ள வேண்டிய தூரம் குறையும். ஆனால் கல் ஹாக் கோட்டைத் தொடுமுன் குச்சி கைப்பிடியை விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். புதியவர்கள் கையை நீட்டினால் எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து, அதற்கு மேல் அரை மீட்டர் பின்னால் வையுங்கள்.

2. நாற்காலியை ஓரமாகக் கொண்டுவந்து சேருங்கள், ஆட்டப் பாதையின் நடுவில் உருட்டி வராதீர்கள். முன் சக்கரங்கள் சிறியவை, எடை அவற்றின் மேல் குவியும், பெப்பிளை அவைதான் நசுக்கும். கல் எந்தப் பாதையில் போகப் போகிறதோ அதில் உங்கள் தடம் விழக் கூடாது.

3. இடத்துக்கு வந்ததும் ஒரு கையளவு பின்னால் உருளுங்கள். பின்னால் போனால் முன் சக்கரங்கள் திரும்பி முன்பக்கம் நீட்டிக்கொள்ளும், நாற்காலியின் அடித்தளம் நீளும், முன்னால் குனியும்போது கவிழாது. சின்ன வேலை, ஆனால் தவறவிட்டால் முகம் ஐஸில் மோதும். பிறகு பிரேக்.

4. கல்லைக் கவிழ்த்து அடிவளையத்தைத் துடையுங்கள். உங்களால் முடியாவிட்டால் அணித்தோழர் அல்லது களத்து உதவியாளர் செய்வார். கல்லைக் கவிழ்த்த இடத்திலும் தூசி கொட்டும். ஆகவே கல்லை விடப்போகும் பாதையிலிருந்து ஓரமாகத் தள்ளி இதைச் செய்வது நல்லது.

5. அணித்தோழர் ஒருவர் தன் நாற்காலியை உங்களுக்குப் பின்னால் நிறுத்தி, தன் பிரேக்கைப் பூட்டிவிட்டு, உங்கள் நாற்காலியின் பின்பக்கச் சட்டத்தையோ சக்கரங்களையோ இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார். இதை ஆங்கர் என்பார்கள், நங்கூரம். புதியவர்கள் இதைப் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். உண்மையில் குறி தவறாமல் இருக்கத்தான் இது. ஏறக்குறைய 19 கிலோ எடையை நீங்கள் முன்னால் தள்ளும் அதே விசை உங்களையும் பின்னால் தள்ளும். நாற்காலி இரண்டு விரல் அளவு பின்னால் போனாலும் கல்லுக்குப் போக வேண்டிய வேகத்தின் ஒரு பகுதி வீணாகிறது. அதைவிட மோசம், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கி நாற்காலி லேசாகத் திரும்பினால் கல் குறியை விட்டு விலகும். கையில் ஒரு விரல் அகலம் விலகியது, 28 மீட்டர் தாண்டி ஹவுஸுக்கே வெளியே போய்விடும். ஆங்கர் செய்பவர் மூச்சை அடக்கி, உடம்பை இறுக்கி, கல் போன பிறகு இரண்டு எண்ணும்வரை பிடியை விடாமல் இருக்க வேண்டும். அணியில் நல்ல ஆங்கர் ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

6. எதிர்முனையில் ஸ்கிப், அதாவது அணித்தலைவர், காட்டும் குறியைப் பாருங்கள். குச்சி, முழங்கை, தோள், கண் ஆகியவை அந்தக் குறிக்கு நேர்கோட்டில் இருக்கட்டும். நாற்காலியைக் குறிக்குச் சரியாகத் திருப்பி நிறுத்துவது முக்கியம். கோணலாக நிறுத்திவிட்டுக் கையால் சரிக்கட்டினால் பத்தில் மூன்று தடவைதான் சரியாகும்.

7. கைப்பிடியைச் சாய்த்து வையுங்கள். கடிகார முகப்பை நினைத்துக்கொண்டால் எளிது. கல் வலப்பக்கம் வளைய வேண்டுமென்றால் கைப்பிடி 10 மணியைப் பார்க்கட்டும், தள்ளும்போது 12க்குத் திருப்புங்கள். இடப்பக்கம் வளைய வேண்டுமென்றால் 2 மணியிலிருந்து 12க்கு. ஹவுஸைச் சேரும்வரை கல் மொத்தம் இரண்டரை முதல் நான்கு சுற்று சுற்றினால் நல்லது. அதற்குக் குறைந்தால் வழியில் சுழற்சி நின்று எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது. அதிகம் சுற்றினால் வளையாது.

8. கல்லை முதலில் முன்னும் பின்னும் லேசாக அசைத்து, ஐஸோடு ஒட்டியிருந்தால் விடுவியுங்கள். பிறகு ஒரே சீரான தள்ளு. கடைசியில் வெடுக்கென்று உதறக் கூடாது. வெடுக்கென்று உதறினால் குச்சித் தலை கைப்பிடியின் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டு விலகும், கல் அந்தப் பக்கமே சரியும். வேகம் தொடக்கத்திலேயே வர வேண்டும், முடிவில் கை தானாக நீண்டு நிற்க வேண்டும்.

தள்ளியது போதாமல் கல் உங்கள் பக்கத்து ஹாக் கோட்டைக்கூடத் தொடாமல் நின்றுவிட்டால் பதற வேண்டாம். அதைத் திரும்ப எடுத்து மறுபடி விடலாம்.

வெயிட்: இந்த ஆட்டத்தின் உயிர்

கர்லிங்காரர்கள் வெயிட் என்று சொல்வது கல்லின் எடையை அல்ல, நீங்கள் கொடுக்கும் வேகத்தை. தேய்க்க ஆள் இருக்கும் ஆட்டத்தில் வெயிட் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. இங்கே குறைந்தது குறைந்ததுதான்.

அளக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். கல் முதல் ஹாக் கோட்டைத் தொடும்போது அழுத்துங்கள், அடுத்த ஹாக் கோட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். நன்றாகத் தயார் செய்த தளத்தில் பட்டனில் நிற்கும் கல்லுக்கு 14 விநாடி அளவில் ஆகும். மந்தமான கிளப் தளங்களில் இது 12, 13 என்று குறையும். இங்கே ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும்: விநாடி கூடுதலாக இருந்தால் தளம் வேகமானது என்று பொருள், ஏனென்றால் மெதுவாக விட்ட கல்கூட அவ்வளவு தூரம் போகிறது.

14 விநாடித் தளத்தில் நீங்கள் 13 விநாடியில் விட்டால் கல் 2 மீட்டருக்கு மேல் தாண்டிப் போகும், அதாவது ஹவுஸின் பின்விளிம்பையும் கடந்துவிடும். அரை விநாடி பிசகினால் ஒரு மீட்டர். ஆகவே பயிற்சியின் முதல் இரண்டு மாதம் குறி பார்ப்பதை மறந்துவிட்டு, 8 கல்லுக்கும் ஸ்டாப்வாட்ச்சில் ஒரே விநாடிக் கணக்கு வரும்படி விடப் பழகுங்கள். எட்டும் அரை விநாடிக்குள் அடங்கினால் நீங்கள் மாகாண அளவுக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள்.

பயிற்சியின்போது ஒரு சோதனை செய்யுங்கள். முதல் 4 கல் ஆங்கருடன், அடுத்த 4 கல் ஆங்கர் இல்லாமல். இரண்டு வரிசையின் விநாடிகளையும் எழுதிப் பாருங்கள். நாற்காலி நகர்ந்ததன் விலை தாளில் தெரியும்.

ஆட்டம் போகப் போகத் தளம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. கல் அதிகம் ஓடிய நடுப்பாதையில் பெப்பிள் தேய்ந்துபோகும். ஓரங்களில் உறைபனித் தூள் படியலாம், தேய்ப்பவர் இல்லாததால் அது அங்கேயே கிடக்கும், கல் அதில் போய்ச் சீக்கிரம் நின்றுவிடும். ஒவ்வொரு கல்லின் விநாடியையும் நின்ற இடத்தையும் துணைத் தலைவரான வைஸ் ஸ்கிப் மனத்தில் குறித்துக்கொண்டு ஸ்கிப்பிடம் சொல்ல வேண்டும்.

திட்டம்

ஒரு எண்டில் ஒவ்வொரு அணியும் 8 கல் விடும், ஆளுக்கு 2, மாறி மாறி. எதிராளியின் மிக நெருங்கிய கல்லைவிடப் பட்டனுக்கு நெருக்கமாக ஹவுஸில் உங்கள் கல் எத்தனை இருக்கிறதோ அத்தனை புள்ளி. கடைசிக் கல் விடும் உரிமைக்கு ஹாமர் என்று பெயர். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் அதை இழக்கும்.

எண்டின் முதல் 5 கற்கள் விடும்வரை, ஹாக் கோட்டுக்கும் டீ கோட்டுக்கும் இடையே ஹவுஸுக்கு வெளியே நிற்கும் எதிராளியின் காவல் கல்லை அடித்து வெளியேற்றக் கூடாது. ஆறாவது கல்லிலிருந்து அடிக்கலாம். புதியவர்கள் இதை அடிக்கடி மறந்து கல்லை வீணாக்குகிறார்கள்.

உட்கார்ந்த நிலையில் கையால் மட்டும் தள்ளுவதால் பலமான அடி எல்லாருக்கும் வராது. அதனால் ஹாமர் உங்களிடம் இல்லாதபோது நடுவில் காவல் கல் வையுங்கள், ஹாமர் இருக்கும்போது நடுவைத் திறந்துவையுங்கள். பாதை திறந்திருந்தால் கடைசிக் கல்லால் பட்டனைச் சேரலாம். முதல் வருட அணிகளுக்கு இதுவே போதும். மூன்று கல்லில் பட்டுத் தெறித்து நான்காவதைத் தள்ளும் வித்தையெல்லாம் தொலைக்காட்சியில் அழகாக இருக்கும். ஆனால் கல்லை ஹவுஸுக்குள் நிறுத்தத் தெரிந்த அணிதான் எட்டு எண்டின் முடிவில் முன்னால் இருக்கும்.

தேசியப் போட்டிக்கான பாதை

முதல் படி, சரிவுப்பாதை உள்ள ஒரு கர்லிங் கிளப். நடைமேடையிலிருந்து ஐஸுக்கு இறங்கும் படி சிறியதுதான், ஆனால் பலகை இல்லாவிட்டால் அதுவே தடை. கழிப்பறை, கார் நிறுத்தம், உடைமாற்றும் அறைக் கதவின் அகலம் ஆகியவற்றை நேரில் போய்ப் பாருங்கள். ஆன்டாரியோவில் கர்ல்ஆன், பிரிட்டிஷ் கொலம்பியாவில் கர்ல் பிசி என்று ஒவ்வொரு மாகாணத்துக்கும் சங்கம் உண்டு. சக்கர நாற்காலிக் குழு எந்தக் கிளப்பில் இருக்கிறது என்று அவர்களிடம் கேட்கலாம். முதல் முறை போகும்போது குச்சியோ கல்லோ வாங்க வேண்டியதில்லை, கிளப்பில் இருக்கும். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தின் நீண்ட மாதங்களில் சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டோடு அடைந்து கிடக்க வேண்டாம் என்பதற்கு இந்த ஆட்டம் ஒரு நல்ல வழி.

அடுத்தது மாகாணத் தேர்வு. சில மாகாணங்களில் அணிகள் மோதி வெல்லும் அணி போகும், சிலவற்றில் பயிற்சியாளர்கள் ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வட ஆன்டாரியோ தனி அணியாக வரும். தேசியப் போட்டியை வென்ற அணி அப்படியே கனடா அணியாகிவிடாது. உலகப் போட்டிக்கும் பாராலிம்பிக்ஸுக்கும் ஆட்களைக் கர்லிங் கனடா தனியாகத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் தேர்வாளர்கள் பார்ப்பது இந்தப் போட்டியைத்தான்.

நான்கு பேர் சேராத ஊர்களில் மிக்ஸ்டு டபிள்ஸ் முயன்று பாருங்கள். ஒரு ஆண், ஒரு பெண், எண்டுக்கு 5 கல். 2026 மிலானோ கோர்த்தினா பாராலிம்பிக்ஸ் நிகழ்ச்சிநிரலில் முதன்முறையாக இதைச் சேர்த்தார்கள்.

போட்டி வாரம்

ஒரு நாளில் இரண்டு ஆட்டம்கூட வரலாம். ஆட்டத்துக்கு 8 எண்ட், இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிரில் அசையாமல் உட்கார வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் யோசிக்க 38 நிமிடம், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். நாற்காலியை இடம் மாற்றுவதும் ஆங்கர் பிடிப்பதும் அதில்தான் அடக்கம். யார் எந்தக் கல்லுக்கு ஆங்கர் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தால் கடைசி எண்டில் கடிகாரத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டியதில்லை. ஸ்கிப் கல் விடும்போது வைஸ் ஸ்கிப் எதிர்முனைக்குப் போக வேண்டும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

முன்பயிற்சி முடிந்ததும் பட்டனை நோக்கிக் கல் விட்டு அளப்பார்கள். நெருக்கமாக விட்ட அணிக்கு முதல் எண்டில் ஹாமர். இதற்குத் தனியாகப் பயிற்சி எடுங்கள், ஒரே ஒரு நல்ல கல் ஆட்டத்தின் போக்கையே தீர்மானிக்கும்.

உடுப்பில் எச்சரிக்கை தேவை. கம்பளி, ஃபிளீஸ், ஓரத்தில் குஞ்சம் தொங்கும் போர்வை எல்லாம் நூல் உதிர்க்கும். மேலே காற்றுத் தடுக்கும் வழவழப்பான துணி இருக்கட்டும். முதுகுத்தண்டுக் காயம் உள்ளவர்களில் பலருக்குக் கால் குளிர்வது தெரியாது. ஆகவே ஐந்தாம் எண்டில் கையால் தொட்டுப் பாருங்கள், காலைச் சுற்றி இன்னொரு அடுக்கு போடுங்கள். சூட்டுப் பொட்டலத்தை உணர்ச்சி இல்லாத தோலின் மேல் நேராக வைக்காதீர்கள், வெந்துபோனதே தெரியாது. மெத்தை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எண்டுக்கு எண்டு உடம்பை ஒரு பக்கம் சாய்த்துத் தோல் அழுத்தத்தைக் குறையுங்கள். குளிரில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பவர்கள் நிறைய, சிறுநீர்த் தொற்றுக்கு அதுவும் ஒரு காரணம். ஆட்டத்துக்கு முன் கழிப்பறை நேரத்தைத் திட்டமிட்டுவிட்டுத் தண்ணீரை வழக்கம்போல் குடியுங்கள்.

மருந்துகளைப் பற்றி மாகாணத் தேர்வுக்கு முன்பே பாருங்கள். வலிக்கும் வீக்கத்துக்கும் சாப்பிடும் சில மருந்துகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உண்டு. குளோபல் டிஆர்ஓ என்ற இணையச் சேவையில் மருந்தின் பெயரை இட்டுத் தேடலாம். தடை இருந்தால் மருத்துவரின் உதவியோடு முன்கூட்டியே விலக்கு கேட்க வேண்டும், கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

ஆட்டம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எதிரணியோடு கைகுலுக்குவது கர்லிங்கின் வழக்கம். அதன்பிறகு அறைக்குப் போகும் முன் நாற்காலியின் அச்சுகளையும் பேரிங்குகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், ஈரம் இறங்கி ஒரே இரவில் துருப்பிடிக்கத் தொடங்கும். குச்சியின் பூட்டைக் கழற்றி உலரவிடுங்கள். காலுறையைக் கழற்றிப் பாதத்திலும் குதிகாலிலும் சிவப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கையால் அழுத்தி எடுத்த பின்னும் சிவப்பு மறையாமல் இருந்தால் அந்த இடத்தில் மறுநாள் எதுவும் படக் கூடாது, பயிற்சியாளரிடம் அன்றிரவே சொல்லிவிடுங்கள்.